பிரம்மாவை வழிமறித்த ஊர்: தஞ்சைக் கலைக்கூடத்தின் கதை

தஞ்சாவூர்க்காரர்களாகிய நாம் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வாழ்நாளில் இரண்டு முறைதான் போயிருப்போம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வரிசையாக அழைத்துப்போனபோது ஒரு முறை. வெளியூர் சம்பந்தி வீட்டார் வந்திறங்கி, "பெரிய கோயில் பார்த்தாச்சு, அடுத்தது என்ன?" என்று கேட்டபோது இன்னொரு முறை. நான் சரித்திர வாத்தியாராக வேலை பார்த்ததால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளுக்குச் சோழர் சிலைகளைவிட அரண்மனையில் இருக்கும் திமிங்கல எலும்புக்கூடுதான் பிடிக்கும். 1955ல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது. தொண்ணூற்றிரண்டு அடி நீளம். சிலைகளைப் பற்றி நான் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் மறந்துபோயிருக்கும்; திமிங்கலத்தை மட்டும் ஐம்பது வயதான என் பழைய மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கலைக்கூடம் எப்படித் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகு நாட்களாக எண்ணம். சோழ அரசரோ, நாயக்கரோ, மராட்டிய ராஜாவோ, வெள்ளைக்காரரோ ஏற்படுத்தியது அல்ல இது. ஒரு சிலையை ஊரைவிட்டுப் போகவிடாமல் ஊர்க்காரர்கள் தடுத்ததால் பிறந்தது.

நடந்தது 1951ல். நம்ம கரந்தையில் அழகான பிரம்மா சிலை ஒன்று கவனிப்பாரின்றி இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், பழம்பொருள் அறிந்தவர், அதை எடுத்துப்போக ஏற்பாடு செய்துவிட்டார். விஷயம் தெரிந்து மக்கள் எதிர்த்தார்கள். சேதி கலெக்டர் வரைக்கும் போயிற்று. அப்போது ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்துக்குக் கலெக்டராக இருந்தவர் டி.கே. பழனியப்பன். அவர் சிலையைப் போகவிடாமல் தடுத்து அரண்மனையில் வைக்கச் செய்தார். இந்த ஒரு சிலையோடு விட்டால் போதுமா, மாவட்டம் முழுவதும் வயல் வரப்பிலும் இடிந்த கோயிலிலும் கேட்பாரற்றுக் கிடப்பதையெல்லாம் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாகத்தான் 1951 டிசம்பர் 9ஆம் தேதி தஞ்சைக் கலைக்கூடம் உருவானது. அந்தப் பிரம்மாவை இன்றும் அங்கே பார்க்கலாம்.

கரந்தைக்காரர்களுக்கு இது புதிதல்ல என்று நமக்குத் தெரியும். 1911லேயே தமிழுக்கென்று சங்கம் கண்ட ஊர் அது. இருந்தாலும் 1951ல் இப்படி ஒரு காரியம் நடந்தது சாதாரணமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நம் பக்கத்தில் பூமிக்கடியிலிருந்து எது கிடைத்தாலும் அது போகும் வழி ஒன்றுதான். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து நல்ல பொருள் எல்லாம் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு ரயிலேறும். அது 1851ல் தொடங்கியது, பெரிய இடம், நன்றாகத்தான் பாதுகாத்தார்கள். ஆனால் போனது போனதுதான். நாகப்பட்டினம் வெளிப்பாளையம் பக்கம் 1856 முதல் 1930கள் வரை சுமார் 350 புத்தர் திருமேனிகள் கிடைத்தன. இன்று அவற்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். சில வெளிநாடுகளில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டால், தன் ஊரில் அப்படி ஒரு பௌத்த விகாரம் இருந்தது என்பதையே புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

அரண்மனையில் ஒரு கலைக்கூடம் வந்ததும், பொருள்கள் மாவட்டத்துக்குள்ளேயே தங்க ஓர் இடம் கிடைத்தது. நல்ல வேளையாக அதே காலத்தில்தான் திருவெண்காட்டிலும் புதையல் கிடைத்தது. புதன் ஸ்தலம் என்று நாம் போய் வருகிற அதே திருவெண்காடு. மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. 1311ல் மாலிக் கபூர் படை தெற்கே வந்த காலத்திலும் அதற்குப் பின்னும் கோயில்காரர்கள் சுவாமியைக் காப்பாற்றப் புதைத்து வைத்தார்கள் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. புதைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்க முடியாமல் போயிருக்கிறது. அறுநூறு வருஷத்துக்கு மேல் வண்டல் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறார் சுவாமி.

அந்தத் திருமேனிகளில் தலையாயது ரிஷபவாகனர். உயரம் மூன்றரை அடிதான். ரிஷபம் இப்போது இல்லை. ஆனால் அதன்மேல் சாய்வாக வைத்த கை அப்படியே இருக்கிறது. கால் ஒன்றைக் குறுக்கே மாற்றி வைத்துக்கொண்டு, திண்ணையோரம் நின்று பேசுகிற மாதிரி சாவகாசமாக நிற்கிறார். தலையில் முடியைப் பாம்போடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார்கள். இந்தத் திருமேனி 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பக்கத்தில் நிற்கும் அம்மன் அடுத்த ஆண்டு செய்தது என்று கல்வெட்டை வைத்துச் சொல்ல முடிகிறது. ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த கையோடு நடந்த வேலை. திருவெண்காட்டுத் திருமேனிகளில் சில தஞ்சையிலும், அர்த்தநாரீசுவரர் சென்னையிலுமாக இருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் உத்தியோகம் பார்க்கிற மாதிரி.

சிற்பங்களில் தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். யானைத்தோலை உரித்துப் போர்த்திச் சுழன்று ஆடுகிறார் சிவன். பக்கத்தில் பார்வதி குழந்தையைத் தாங்கிக்கொண்டு பயந்து விலகுகிறாள். கல்லில் இவ்வளவு வேகத்தை எப்படிக் கொண்டுவந்தான் அந்தச் சிற்பி என்று எத்தனை முறை பார்த்தாலும் வியப்பாக இருக்கும்.

அதே 1951ல் நம் பக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. அது எப்படி முடிந்தது என்பதையும் சொன்னால்தான் கரந்தைக்காரர்கள் செய்த காரியத்தின் அருமை தெரியும்.

கும்பகோணம் பக்கம் சிவபுரத்தில் நடராஜர் முதலான சில செப்புத் திருமேனிகள் அந்த ஆண்டில் பூமியிலிருந்து கிடைத்தன. கோயிலுக்கே கொடுத்தார்கள். 1954ல் பழுதுபார்க்க வெளியே போனார் நடராஜர். திரும்பி வந்தது அவர் அல்ல, அவரைப்போல வார்த்த புதிய சிலை. அபிஷேகம் நடந்தது, ஆராதனை நடந்தது, யாருக்கும் தெரியவில்லை. 1965ல் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிப் புத்தகம் எழுதிய பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரெட்தான், சிவபுரத்தில் இருப்பது அசல் அல்ல என்பதைச் சொன்னார். அசல் நடராஜர் பல கை மாறி அமெரிக்கா போய், 1973ல் நார்ட்டன் சைமன் என்ற பெரும் பணக்காரரிடம் சேர்ந்தார். வழக்கு, உடன்பாடு என்று இழுத்து, 1986ல்தான் இந்தியா திரும்பினார்.

பத்தூர் நடராஜர் கதையும் பலருக்கு நினைவிருக்கும். 1976ல் அந்தக் கிராமத்தில் மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளி கண்ணில் பட்டவர் அவர். இரகசியமாக விற்கப்பட்டு லண்டன் போய்விட்டார். ஒரு கனடா கம்பெனி வாங்கியது. லண்டன் போலீஸ் கைப்பற்றியது. லண்டன் கோர்ட்டில் வழக்கு நடந்தது. நம் டாக்டர் இரா. நாகசாமி அங்கே போய்ச் சாட்சி சொன்னார். இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலுக்கே தன் சுவாமியைக் கேட்கும் உரிமை உண்டு என்று வாதாடினார்கள். 1988ல் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல் முறையீடும் தோற்று 1991ல் நடராஜர் ஊர் திரும்பினார். ஊர் என்றால் பத்தூர் இல்லை; பாதுகாப்பு கருதித் திருவாரூர்க் கோயிலில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறார். அங்கே பல கிராமங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான திருமேனிகள் இருக்கின்றன.

சிவபுரத்து மக்களையோ பத்தூர் மக்களையோ நான் குறை சொல்லவில்லை. கருவறைக்குள் பட்டு உடுத்தி, மாலை சாத்தி, எண்ணெய் விளக்கில் தெரிகிற முகத்தைத்தான் நாம் கும்பிட்டோம். சுவாமியின் முதுகு எப்படி இருக்கும், பீடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று யார் பார்த்தார்கள்? பார்க்கவும் கூடாது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இங்கேதான் கலைக்கூடத்தைப் பற்றிய பழைய விவாதம் வருகிறது. "சுவாமியைக் கொண்டுபோய்க் கண்காட்சியில் நிறுத்தலாமா? விளக்கு உண்டா, நைவேத்தியம் உண்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதே சமயம், பூட்டிய கிராமக் கோயிலில் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு கதைகளும் சாட்சி.

இந்த விவாதத்தை நினைக்கும்போதெல்லாம் ஒரு பாட்டி என் ஞாபகத்துக்கு வருவார். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் மதியம் ரிஷபவாகனருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். திருவெண்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த இடத்தில் எட்டிப் பார்த்திருக்கிறது. கூட வந்த பாட்டி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கைகூப்பி நின்றார். முந்தானையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப் பீடத்தடியில் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆயா," என்றார் காவலர், மரியாதையாகத்தான்.

"தள்ளித்தான் தம்பி நிக்கிறேன். எங்க ஊரு சாமி இது. ஊருலயே இருந்திருந்தா இன்னும் தள்ளி, கொடிமரத்துக்கிட்டதான் நின்னிருப்பேன்."

காவலர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு ரூபாயையும் எடுக்கச் சொல்லவில்லை.

பாட்டி சொன்னதில் ரொம்ப விஷயம் இருக்கிறது. கோயிலில் எட்டி நிற்க வேண்டியவர்கள், கோயிலுக்குள்ளேயே ஒரு காலத்தில் விடப்படாதவர்கள், எல்லோரும் இங்கே ஒரே டிக்கெட்டில் சுவாமிக்கு இரண்டடி தூரத்தில் நிற்கலாம். 1939ல்தான் பெரிய கோயிலும் அதைச் சேர்ந்த கோயில்களும் எல்லோருக்கும் திறந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அந்தப் பாட்டி தற்செயலாகத்தான் வந்தார். அவருடைய ஊர்ச் சாமி இங்கே இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அந்தக் கிராமத்துக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

இதில் வெளிநாட்டில் ஒரு நல்ல உதாரணம் பார்த்தேன். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது சிக்காகோவில் பில்சன் என்ற பேட்டைக்குக் கூட்டிப்போனான். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைய வாழும் இடம். அங்கே மெக்சிகக் கலைக்கென்று ஒரு தேசிய மியூசியம் இருக்கிறது. 1982ல் அதை ஆரம்பித்தவர்கள் யார் தெரியுமா? கோடீசுவரர்கள் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள்! கார்லோஸ் டோர்டொலேரோ என்ற ஆசிரியரும் அவர் சகாக்களும் சேர்ந்து தொடங்கி, 1987ல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது. வாத்தியார் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர் காலத்தில், மெக்சிகர்களின் முன்னோர் திருநாளையொட்டி அங்கே பெரிய கண்காட்சி நடக்கிறது. நம் மாளய அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவர் படம், அவருக்குப் பிடித்த பலகாரம், ரொட்டி, மெழுகுவத்தி, எல்லாவற்றையும் அடுக்கிப் படையல் போடுகிறார்கள். அலங்காரத்துக்கு என்ன பூ என்றால் நம்ம துலுக்கச் சாமந்திதான்! அந்தப் பூவுக்குப் பூர்வீகமே மெக்சிகோ என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கலைஞர்கள் மட்டுமில்லாமல் அந்தப் பேட்டைக் குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் படையல் அமைக்கிறார்கள். நியூயார்க்கிலும் இப்படி ஒன்று உண்டு. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பெற்றோர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் கலையைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டதிலிருந்து 1969ல் ஒரு பள்ளிக்கூட அறையில் பிறந்தது எல் மியூசியோ டெல் பாரியோ. 'பாரியோ' என்றால் பேட்டை. பேட்டை மியூசியம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் ஊரைவிட்டு வந்தவர்கள். கலையைக் கைநழுவ விட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் இருக்கிறது. நமக்கு அந்தப் பயம் இல்லை. கண் விழித்தால் பெரிய கோயில் தெரிகிறது. எங்கே போய்விடப் போகிறது என்ற எண்ணம்.

நம் ஊரில் விழாக்களுக்குக் குறைவில்லை என்பதும் உண்மை. ஐப்பசி சதயத்துக்கு ராஜராஜனுக்கு விழா எடுக்கிறோம். 1986 முதல் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. கரகம், தப்பாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் அதன் மேடையில் பார்த்திருக்கிறோம். 1995 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது ஊரே கல்யாண வீடாக இருந்தது. 2010ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் நடனக் கலைஞர்கள் ஒரே நேரத்தில் ஆடினார்கள். 2018ல் அகமதாபாத்திலிருந்து ராஜராஜன், லோகமாதேவி திருமேனிகள் மீட்கப்பட்டுப் பெரிய கோயிலுக்கு வந்தபோது, மாலை மரியாதையோடு வரவேற்றோம். ஆக, கூப்பிட்டால் ஜனங்கள் வருவார்கள். கலைக்கூடம்தான் அவர்களைக் கூப்பிட வேண்டும்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய கலெக்டர் ஆபீஸ் கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது. தஞ்சையில் சோழர்களுக்கென்று பெரிய அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2023 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு வேலைக்காகப் பள்ளம் தோண்டியபோது, இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கும் அதிகமான செப்பேடுகளும் கிடைத்தன. உடனே அங்கே எழுந்த குரல், இவை ஊரிலேயே இருக்க வேண்டும் என்பதுதான். கரந்தையில் 1951ல் கேட்ட அதே குரல். மண்ணுக்கடியில் இன்னும் எவ்வளவு இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரத்தான் போகிறது.

புதிய கட்டடம், குளிரூட்டிய அறை, ஒலி ஒளி எல்லாம் வரட்டும், வேண்டியதுதான். கூடவே மூன்று காரியம் செய்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

முதலாவது, ஊர்ப்பெயர். 1991ல் நாகை தனியாகப் போயிற்று, 1997ல் திருவாரூர், 2020ல் மயிலாடுதுறை. மாவட்டம் நாலாகப் பிரிந்தாலும் பழைய தஞ்சை ஜில்லா பிரியாமல் இருக்கிற இடம் இந்தக் கலைக்கூடம். ஒவ்வொரு திருமேனிக்கும் கீழே, நூற்றாண்டு மட்டும் போடாமல், எந்த ஊர், எந்தக் கோயில், எப்படிக் கிடைத்தது என்று கொட்டை எழுத்தில், வயதானவர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, ஊர் நாள். வருஷத்தில் ஒரு நாள் திருவெண்காட்டுக்காரர்களுக்கு, ஒரு நாள் தாராசுரத்துக்காரர்களுக்கு என்று ஒதுக்கி, பஸ் வைத்துக் கூட்டிவரட்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிலையைப் பற்றி நாலு வரி பேசட்டும். ஓதுவார் ஒரு பதிகம் பாடட்டும், நாதஸ்வரம் வாசிக்கட்டும். அறுவடை முடிந்த மாசி மாதத்தில் வைத்தால் வயல் வேலையும் கெடாது.

மூன்றாவது, கைவேலை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருச் செய்து, அதன்மேல் காவேரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை வார்க்கிறார்கள். ரிஷபவாகனரும் மெழுகுவார்ப்பில் பிறந்தவர்தான். அந்த வேலையை ரிஷபவாகனர் நிற்கிற அரண்மனை முற்றத்திலேயே மாதம் ஒரு முறை செய்து காட்டினால், திமிங்கலத்தை ஞாபகம் வைத்திருக்கிற பிள்ளைகள் அதையும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் அரசாங்கத்தை மட்டுமே எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழராஜ வீதிப் பக்கம் போய் வாருங்கள். நாயக்கர் தர்பார் மண்டபத்தில் சலவைக்கல் சரபோஜி மன்னரைப் பாருங்கள். பிறகு சிலைகளுக்குக் கீழே உள்ள சீட்டுகளில் ஊர்ப்பெயரைத் தேடிப் படியுங்கள். பட்டீசுவரம், திருவெண்காடு, தாராசுரம் என்று படித்துக்கொண்டே வரும்போது, உங்கள் ஊரோ, உங்கள் அம்மா பிறந்த ஊரோ தென்பட்டால், அதை நம்ம ஊர்ச் சாமி என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.